விற்ற பின் பறித்தல்: பிளேஸ்டேஷன் 3 வழக்கும் நுகர்வோர் உரிமையின் எல்லையும்

1. கேள்வி

ஒரு பொருள் வாங்கியவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்த பிறகு, அதன் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்றவருக்கு உரிமை உண்டா?

பழைய நுகர்வோர் சட்டங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மிதிவண்டி விற்ற கடைக்காரர் ராத்திரியில் வந்து அதன் மணியைக் கழற்றிக்கொண்டு போனால் அது திருட்டு. காவல் நிலையம் பார்த்துக்கொள்ளும். இணையத்தோடு இணைந்த கருவிகளில் தயாரிப்பாளர் வீட்டுக்கு வரவே வேண்டியதில்லை. அவர் அனுப்பும் அப்டேட்டை வாங்கியவரே பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்கிறார். பூட்டு உடைபடவில்லை, பொருள் காணாமல் போகவில்லை, ஒப்புதலும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் நேற்றுவரை அந்தக் கருவி செய்த ஒரு வேலையை இன்று அதனால் செய்ய முடிவதில்லை.

இதை ஆராய சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலை எடுத்துக்கொள்கிறேன். வேறு வழக்குகளும் உண்டு. ஆனால் இதில் மூன்று வசதிகள் ஒருசேரக் கிடைக்கின்றன. விற்கும்போது என்ன சொல்லப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது. பறிக்கப்பட்ட நாள் துல்லியமாகத் தெரியும். அதைத் தொடர்ந்த வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் எட்டு ஆண்டுகள் நடந்ததால், சட்டம் எங்கே தடுமாறியது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்க முடிகிறது.

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் சட்டம் விற்பனை நாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அன்று பொருள் சரியாக இருந்ததா, சொன்னபடி இருந்ததா என்றே கேட்கிறது. பறிப்போ அதற்கு வெகுநாள் கழித்து, விற்றவரின் செயலாலேயே நடக்கிறது. தானாகத் தேய்ந்துபோவதும் ஒருவர் எடுத்துக்கொண்டு போவதும் வேறு வேறு என்பதைச் சட்டம் பிரித்துப் பார்க்காத வரை, இழந்தவருக்கு நீதி கிடைக்காது.

2. விற்கப்பட்டது என்ன

பிளேஸ்டேஷன் 3, 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 20 ஜிபி மாடலின் விலை 499 டாலர், 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். அன்றைய கேம் கன்சோல்களில் இது அதிக விலை என்று பரவலாகக் குறை சொல்லப்பட்டது. அந்த விலையை நியாயப்படுத்த சோனி தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இது விளையாட்டுப் பெட்டி மட்டுமல்ல, கணினி. பிளேஸ்டேஷனின் தந்தை எனப்படும் கென் குட்டராகி அப்படித்தான் பேசினார். நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஃபில் ஹாரிசன், இது இருந்தால் வீட்டில் தனியாக ஒரு பிசி தேவையில்லை என்ற அளவுக்கே போனார்.

இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. கன்சோலின் சிஸ்டம் அமைப்புகளில் வேறொரு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள ஒரு வரி இருந்தது. அதுதான் ‘இன்ஸ்டால் அதர் ஓஎஸ்’. ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் இரண்டு தேர்வுகள் இருந்தன. 10 ஜிபியை வேறு இயங்குதளத்துக்கு ஒதுக்கலாம்; அல்லது 10 ஜிபியை மட்டும் கன்சோலுக்கு வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் வேறு இயங்குதளத்துக்குக் கொடுத்துவிடலாம். பிறகு பெட்டியை இயக்கும்போது எது முதலில் வர வேண்டும் என்பதையும் உரிமையாளரே முடிவு செய்யலாம். பெரும்பாலும் லினக்ஸ்தான் நிறுவப்பட்டது. யெல்லோ டாக் லினக்ஸ் இந்தக் கன்சோலுக்கென்றே ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. உபுண்டு, ஃபெடோரா ஆகியவையும் ஓடின.

எல்லையும் இருந்தது. லினக்ஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே ஹைப்பர்வைசர் என்னும் காவல் மென்பொருள் நின்றது. கிராபிக்ஸ் சிப்பின் முழுத் திறனை அது லினக்ஸுக்குத் திறந்துவிடவில்லை. ஆகவே அங்கே விளையாட்டுகளை ஓட்ட முடியாது. ஆனால் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய செல் செயலி கணக்கீட்டுக்குக் கிடைத்தது. அதன் எட்டுத் துணைச் செயலிகளில் ஆறு லினக்ஸ் பயனருக்குத் திறந்திருந்தன.

ஆய்வாளர்களுக்கு வேண்டியது இதுதான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியலாளர் 2007இல் எட்டுக் கன்சோல்களை இணைத்துக் கருந்துளைகளிலிருந்து எழும் ஈர்ப்பலைகளைக் கணக்கிட்டார். சோனியே அவருக்குச் சில கன்சோல்களை நன்கொடையாகத் தந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் 1,760 கன்சோல்களை இணைத்து ‘காண்டோர்’ என்ற சூப்பர் கணினியை அமைத்தது. நொடிக்கு ஏறத்தாழ 500 லட்சம் கோடி கணக்குகள் அதன் திறன்.

பெரும்பாலானோர் லினக்ஸைத் தொட்டதே இல்லை என்பதும் உண்மை.  ஆனால் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்தவில்லை என்பதால் பயன்படுத்திய சிலரின் உரிமை தேய்ந்துவிடாது. அவர்களில் பலர் அந்த வசதிக்காகவே 599 டாலர் கொடுத்தவர்கள்.

3. 2010 ஏப்ரல் 1

2009இல் வந்த மெலிந்த மாடலில் ‘அதர் ஓஎஸ்’ இல்லை. அதில் யாரும் குற்றம் காண முடியாது. வாங்கும்போதே இல்லாத ஒன்றை யாரும் இழக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான், ஏற்கெனவே விற்ற மாடல்களில் இந்த வசதி தொடரும், இனிவரும் அப்டேட்டுகளில் அது நிறுத்தப்படாது என்று சோனியின் லினக்ஸ் பணியைக் கவனித்த பொறியாளர் எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார்.

2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் ஹைப்பர்வைசரை மீறிவிட்டதாக அறிவித்தார். லினக்ஸில் தன் நிரலை ஓடவிட்டு, அதே நேரத்தில் நினைவகத் தடத்தில் வெளியிலிருந்து ஒரு மின்துடிப்பைச் செலுத்தி அவர் அதைச் சாதித்தார். மார்ச் கடைசியில் சோனி அறிவிப்பு வெளியிட்டது: பாதுகாப்புக் காரணங்களுக்காக, ஏப்ரல் 1 அன்று வரும் 3.21 அப்டேட் ‘அதர் ஓஎஸ்’ வசதியை நீக்கும். லினக்ஸ் பகுதியில் தரவு வைத்திருப்போர் முன்னதாகவே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்டேட் ஆனபின் அதைத் திறக்க முடியாது.

நாள் ஏப்ரல் 1 ஆனதால் பலர் முதலில் முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள்.

4. ‘விரும்பினால் மட்டும்’ என்ற வாதம்

சோனியின் தற்காப்பு முக்கியமாக ஒரு தூணில் நின்றது. அப்டேட் கட்டாயமில்லை, லினக்ஸ் வேண்டும் என்பவர் அப்டேட் செய்யாமலே இருந்துகொள்ளலாம்.

அப்படி இருந்தவர் எதையெல்லாம் விட வேண்டியிருந்தது? சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. ஆகவே நண்பர்களோடு இணையத்தில் விளையாட முடியாது. இணையவழி ஆட்டம் மட்டுமே கொண்ட விளையாட்டு வட்டுகள் கையில் இருந்தும் பயனில்லை. புதிய ஃபர்ம்வேரை (கருவியின் உள்மென்பொருளை) கேட்கும் விளையாட்டுகள் ஓடாது. அவ்வாறே கேட்கும் புதிய ப்ளூ-ரே படங்களும் ஓடாது. வீட்டிலுள்ள மீடியா சர்வரில் இருக்கும் காப்புரிமைப் பூட்டுள்ள படங்களைப் பார்க்க முடியாது. நெட்வொர்க் கடையில் எதிர்கால வாங்கலுக்கென்று முன்கூட்டியே போட்டுவைத்த பணத்தை எடுத்துச் செலவழிக்கவும் வழியில்லை.

இவை எதுவும் லினக்ஸுக்கு மாற்றாகப் புதிதாகக் கொடுக்கப்பட்டவை அல்ல. லினக்ஸைப் போலவே இவையும் அதே விலைக்கு, அதே பெட்டியில் விற்கப்பட்டவை. இரண்டையும் சேர்த்து வாங்கியவரிடம், இனி இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்லப்பட்டது. எதை இழப்பது என்பதை மட்டுமே அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது. இழக்காமல் இருக்கும் வழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. இப்படிக் கிடைக்கும் சம்மதத்தைச் சட்டம் தன்னார்வச் சம்மதமாக எண்ணுவது, என் பார்வையில், இந்த வழக்கின் மிகப் பெரிய பிழை.

விமானப்படை ஆய்வுக்கூடத்தின் நிலை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. காண்டோருக்கு நெட்வொர்க் தேவைப்படவில்லை. அப்டேட்டை ஏற்காமல் அதனால் ஓடிக்கொண்டே இருக்க முடிந்தது. அப்படியானால் அதற்கு இழப்பே இல்லையா? உண்டு. 1,760 கன்சோல்களில் ஒன்று பழுதானால் அதற்கு மாற்றுக் கன்சோல் கிடைப்பது கடினமாக இருந்தது. கடையில் இருந்த புது மாடலில் அந்த வசதி இல்லை. பழுதுபார்க்க நிறுவனத்துக்கு அனுப்பினால் புதிய ஃபர்ம்வேரோடுதான் திரும்பும். பொத்தானை ஒருபோதும் அழுத்தாதவரையும் பறிப்பு இப்படி வந்து சேர்கிறது.

சோனிக்குத் துணையாக ஒப்பந்த வாசகமும் இருந்தது. அப்டேட்டுகளால் அமைப்புகள் மாறலாம், தரவு இழப்பு நேரலாம், சில செயல்பாடுகள் போகலாம் என்று நெட்வொர்க் விதிமுறைகள் சொல்லின. இந்த வாசகம் பெட்டியின் மேல் அச்சிடப்படவில்லை. பணம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, டிவியில் இணைத்து, நெட்வொர்க்கில் பதிவு செய்யும்போது திரையில் உருண்டோடியது. விளம்பரத்தில் ‘கணினி’ என்று பெரிய எழுத்தில் சொன்னதைப் பிந்தைய விதிமுறையின் ஒரு துணைவாக்கியம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், விளம்பரத்துக்குச் சட்டத்தில் எந்த எடையும் இல்லாமல் போகும்.

5. பாதுகாப்பு என்ற காரணம்

இந்தக் காரணத்தை ஒதுக்கித் தள்ளக்கூடாது. நெட்வொர்க்கில் கோடிக்கணக்கானோர் இருந்தார்கள். கடன் அட்டை விவரங்களும் அங்கே இருந்தன. ஒரு கன்சோலின் காவல் உடைந்தால் அதன் விளைவு மற்றவர்களையும் தொடும். விளையாட்டு உருவாக்குவோரின் வருமானமும் திருட்டுப் பிரதிகளால் பாதிக்கப்படும். இவை உண்மையான நலன்கள்.

இருந்தாலும் ஒரு நடவடிக்கையைப் பாதுகாப்பின் பேரில் நியாயப்படுத்த வேண்டுமானால், அது அந்தப் பாதுகாப்பைத் தந்ததா என்று கேட்க வேண்டும். 2010 ஆகஸ்டில் ‘பிஎஸ் ஜெயில்பிரேக்’ என்ற யூஎஸ்பி கருவி வெளிவந்தது. அதைச் செருகினால் கன்சோலின் பூட்டு திறந்தது. அதற்கும் லினக்ஸுக்கும் தொடர்பே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் மாநாட்டில் ‘ஃபெயில் ஓவர்ஃப்ளோ’ குழுவினர் இன்னும் ஆழமான ஓட்டையைக் காட்டினார்கள். மென்பொருளில் மின்கையொப்பம் இடும்போது ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் எண் வேண்டும். சோனி எப்போதும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. அப்படிப்பட்ட இரண்டு கையொப்பங்கள் கையில் இருந்தால் எளிய கணக்கிலேயே ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் குழு தன் உரையில் முன்வைத்த ஒரு கருத்து இங்கே முக்கியமானது: லினக்ஸ் அனுமதிக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் திறமையுள்ளவர்களுக்கு இந்தப் பெட்டியை உடைக்கும் தேவை எழவில்லை, கதவைச் சாத்திய பிறகே அவர்கள் அதில் இறங்கினார்கள்.

தன் வாதத்தை வலுப்படுத்த அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் காலவரிசை அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 2006 முதல் 2010 வரை தாக்குப்பிடித்த பூட்டு, வசதி நீக்கப்பட்ட ஒன்பது மாதங்களுக்குள் முழுவதும் திறந்துவிட்டது. 2011 ஜனவரியில் பூட்டை உடைத்ததற்காக ஹாட்ஸ் மீது சோனி வழக்குத் தொடுத்தது. ஏப்ரலில் அது சமரசத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் நெட்வொர்க்கிலிருந்து சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் களவுபோய்ச் சேவை மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது. அந்த ஊடுருவல் லினக்ஸ் பயனர் வீட்டுக் கன்சோல் வழியே நடந்ததல்ல. நிறுவனத்தின் சொந்த சர்வர்களில் நடந்தது.

ஒருவேளை நீக்கம் உண்மையிலேயே தேவைப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பாதுகாப்பின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஓட்டை சோனியின் வடிவமைப்பில் இருந்தது. அதை அடைத்ததால் வரும் பயனும் சோனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும்தான். விலை மட்டும் லினக்ஸ் பயனரின் தலையில் விழுந்தது. ஒரு பகுதித் தொகையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். விரும்பியவர்களிடமிருந்து கன்சோலைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே நடக்கவில்லை.

6. நீதிமன்றத்தில் எட்டு ஆண்டுகள்

2010 ஏப்ரல் கடைசியில் கலிபோர்னியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முதல் குழு வழக்கு தாக்கலானது. அதைத் தொடர்ந்து வந்தவையும் ஒரே வழக்காக இணைக்கப்பட்டன. வாதிகள் பல சட்டங்களின் கீழ் முறையிட்டார்கள்: உத்தரவாத மீறல், பொய் விளம்பரம், நியாயமற்ற வணிகம், இவற்றோடு கணினி மோசடித் தடுப்புச் சட்டமும். கடைசியாகச் சொன்னது துணிச்சலானது. என் கணினிக்குள் என் அனுமதியின்றி நுழைந்து ஒரு பகுதியைச் செயலிழக்க வைத்ததற்கு ஹேக்கர் மீது பாயும் சட்டம் தயாரிப்பாளர் மீதும் பாய வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

2011 பிப்ரவரியில் நீதிபதி ரிச்சர்ட் சீபோர்க் பெரும்பாலான கோரிக்கைகளைத் தள்ளினார். கணினி மோசடிக் கோரிக்கையை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தார். டிசம்பரில் அதுவும் விழுந்தது. அப்டேட்டைப் பயனரே இறக்கி நிறுவியிருக்கும்போது அனுமதியற்ற நுழைவு என்று சொல்ல முடியாது என்பது அதற்கான காரணம். உரிமையாளர்களின் ஏமாற்றம் உண்மையானது, புரிந்துகொள்ளக்கூடியது என்று அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் லினக்ஸ், நெட்வொர்க் ஆகிய இரண்டு வசதிகளையும் உத்தரவாதக் காலம் கடந்தும் சேர்த்து அனுபவிக்கும் சட்ட உரிமை அவர்களுக்கு இருந்ததாக வாதிகள் காட்டவில்லை என்று முடித்தார்.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். உத்தரவாதம் ஓராண்டு. அந்த ஓராண்டு எதற்காக? பொருள் தானாகப் பழுதானால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு எவ்வளவு நாள் என்பதற்காக. விசிறி ஓடாமல் நிற்கலாம், லேசர் பழுதாகலாம், சாலிடர் விட்டுப்போகலாம். இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை வைப்பது நியாயம். எந்தப் பொருளும் என்றென்றும் உழைக்காது. தயாரிப்பாளரே கைவைத்து ஒன்றை நிறுத்துவதற்கு அந்த எல்லையை அளவுகோலாக்கினால், ஓராண்டு முடிந்த மறுநாளே எதையும் பறிக்கலாம் என்றாகிவிடும். ப்ளூ-ரே ஓட்டத்தையே நிறுத்தலாம், விளையாட்டுகளையும் நிறுத்தலாம். அதையும் சட்டம் ஏற்குமா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்று சொல்லத் தயங்குவார்கள். தயங்குகிறார்கள் என்றால் அளவுகோல் உத்தரவாதக் காலம் அல்ல என்றுதான் பொருள்.

2014 ஜனவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பின் ஒரு பகுதியைத் திருத்தியது. உத்தரவாதம், கணினி மோசடி ஆகியவற்றின் கீழான கோரிக்கைகள் எழவில்லை. கலிபோர்னியாவின் நுகர்வோர், விளம்பரச் சட்டங்களின் கீழான கோரிக்கைகளுக்கு உயிர் வந்தது. வழக்கு பிழைத்ததே ‘விற்கும்போது சொன்னது பொய்யா’ என்ற வாசல் வழியாகத்தான் என்பது கவனிக்கத்தக்கது. ‘விற்ற பிறகு எடுத்தது தவறா’ என்ற நேர்க்கேள்விக்கு அந்தச் சட்டத் தொகுப்பில் வாசல் இல்லை.

2016இல் சமரசம் எழுதப்பட்டது. லினக்ஸைப் பயன்படுத்தியதை நிரூபிப்பவருக்கு 55 டாலர். அந்த வசதிக்காகவே வாங்கினேன், அல்லது அது போனதால் மதிப்பு குறைந்தது என்பவருக்கு 9 டாலர். வழக்கறிஞர்களுக்கு 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பயன்படுத்தியதற்கு எப்படி ஆதாரம் காட்டுவது? 3.21ஐ நிறுவிய நொடியிலேயே லினக்ஸ் பகுதி பூட்டப்பட்டுவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, எத்தனையோ பேர் அந்தப் பெட்டியை விற்றோ எறிந்தோ இருப்பார்கள். எந்தச் செயலுக்காக ஈடு கேட்கப்பட்டதோ அந்தச் செயலே ஆதாரத்தையும் அழித்திருந்தது.

அப்போது வழக்கை விசாரித்த நீதிபதி இவான் கோன்சாலஸ் ரோஜர்ஸ் 2017 பிப்ரவரியில் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தார். இந்த மறுப்புதான் எட்டு ஆண்டுப் பாதையில் எனக்கு மிக நிறைவு தரும் இடம். திருத்திய சமரசத்தில் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். மூன்றில் ஒரு பங்கு வழக்கறிஞர்களுக்கு. 2006 நவம்பர் 1 முதல் 2010 ஏப்ரல் 1 வரை அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2018 ஏப்ரலுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பங்கு பிரித்தபோது கைக்கு வந்த காசோலை ஏறத்தாழ 10 டாலர். 599 டாலர் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு வசதியை இழந்தவருக்கு எட்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது அது.

இடையில் நடந்த ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். 2011 செப்டம்பரில் சோனி தன் நெட்வொர்க் விதிமுறைகளை மாற்றி, இனி எழும் தகராறுகளில் குழுவாக வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பயனர் விட்டுக்கொடுப்பதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. அத்தகைய நிபந்தனைகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்திருந்தது. கடிதம் எழுதி மறுக்க ஒரு குறுகிய அவகாசம் தரப்பட்டது உண்மைதான். ஆயினும் பத்து டாலர் இழப்புக்கு எவரும் தனியாக வழக்காட மாட்டார். ஆளுக்குச் சிறிதாகவும் மொத்தத்தில் பெரிதாகவும் இருக்கும் பறிப்புகளுக்குக் குழு வழக்கு ஒன்றே கருவி. அதையும் ஒரு அப்டேட் பொத்தானின் பின்னால் வைத்து விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள்.

பூட்டைத் தாமே திறந்து வசதியை மீட்டுக்கொள்ள உரிமையாளர்களை அனுமதிக்கலாமே என்ற யோசனையும் எழுந்தது. 2012இல் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பூட்டு விதிக்கான விலக்குகள் பரிசீலிக்கப்பட்டபோது கேம் கன்சோல்களுக்கு விலக்குக் கேட்கப்பட்டது. திருட்டு விளையாட்டுகள் பெருகும் என்ற காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. எடுத்தவர் திருப்பித் தரவில்லை. இழந்தவர் தானே எடுத்துக்கொண்டால் அது சட்டமீறல்.

7. ஐரோப்பாவில்

பிரிட்டனில் 2010 ஏப்ரலிலேயே ஒரு வாடிக்கையாளருக்கு அமேசான் 84 பவுண்டு திருப்பிக் கொடுத்தது. விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கன்சோலைத் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. விற்றவர் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியை அந்த வாடிக்கையாளர் மேற்கோள் காட்டினார். அங்கே பொறுப்பு கடைக்காரர்மேல் விழுகிறது. அது வாடிக்கையாளருக்கு எளிது. ஆனால் பறித்தவர் ஒருவர், ஈடு கொடுப்பவர் இன்னொருவர். அந்த விதியும் ஒப்படைத்த நாளில் இருந்த குறையைத்தான் பேசியது. இது நீதிமன்றம் வகுத்த முன்னுதாரணம் அல்ல. ஒரு கடை தன் வாடிக்கையாளரிடம் காட்டிய நேர்மை.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒரு படி முன்னே போனது. டிஜிட்டல் உள்ளடக்கத்தை மாற்றும் உரிமையை ஒப்பந்தம் வழங்கினாலும், மாற்றிய பிறகும் அது முதலில் விவரித்தபடியே இருக்க வேண்டும் என்கிறது அதன் 40ஆம் பிரிவு. காலத்தின் ஓட்டத்தைச் சட்டம் கண்டுகொண்ட இடம் இது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இரண்டு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. 770ஆம் எண் நெறிமுறையின் 19ஆம் பிரிவுதான் இந்தக் கட்டுரை தேடும் விதிக்கு மிக அருகில் வருவது. ஒப்பந்தத்துக்கு இணங்குவதற்குத் தேவையானதைத் தாண்டி டிஜிட்டல் சேவையை மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே அதற்கு அனுமதியும் தக்க காரணமும் இருக்க வேண்டும். கூடுதல் செலவு வைக்கக்கூடாது. தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். பாதிப்பு சிறியதல்ல என்றால் நுகர்வோர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் ஒரு பொருளுக்குள் பதிந்து அந்தப் பொருளோடு சேர்த்தே விற்கப்படும் மென்பொருள் இதன் கீழ் வருவதில்லை. அது 771ஆம் எண் நெறிமுறைக்குப் போகிறது. அங்கே, தேவையான அப்டேட்டுகளைத் தர வேண்டும் என்ற கடமை இருக்கிறது. அப்டேட் வழியே எடுக்கக்கூடாது என்று 19ஆம் பிரிவுக்கு இணையாக ஒன்றும் இல்லை. தொலைபேசி, தொலைக்காட்சி, கன்சோல், கார் ஆகிய எல்லாம் விழுவது இந்த இடைவெளியில்தான்.

8. பின்னர் நடந்தவை

சோனிக்குப் பின், விற்ற பிறகு பறிக்கும் வழக்கம் பரவியது. 2016 மே மாதம் ரிவால்வ் என்ற 300 டாலர் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியிருந்த நெஸ்ட் சர்வரை நிறுத்தி முற்றிலும் செயலிழக்கச் செய்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. இத்தகைய செயல் நுகர்வோருக்கு நியாயமற்ற தீங்காகலாம் என்று எழுதியது. நடவடிக்கை எடுக்காமல் கோப்பை மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, வேறு நிறுவனங்களின் மை கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. எதிர்ப்பு வலுத்தபோது, அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரை விரும்புவோருக்குத் தருவதாக ஹெச்பி அறிவித்தது. இந்தச் சிறு பின்வாங்கலை நான் பெரிதாக எண்ணுகிறேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்ற பேச்சுக்கு அதுவே மறுப்பு.

9. வேண்டிய விதி

விற்ற பின் ஒரு வசதியைத் தயாரிப்பாளரே நீக்கினால், அதை விற்பனையைப் பின்னோக்கித் திருத்தும் தனிச் செயலாகச் சட்டம் அடையாளம் காண வேண்டும். குறைபாடு, உத்தரவாதம் ஆகிய பழைய வகைகளுக்குள் அதைத் திணித்ததால்தான் சீபோர்க் தீர்ப்பு போன்ற முடிவுகள் வந்தன. இதில் உத்தரவாதக் காலத்துக்கு இடமில்லை. கருவி ஓடும் வரை, நீக்கியவரின் பொறுப்பும் இருக்கும். சர்வரை என்றென்றும் நடத்த வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. வெளியிலிருந்து தொடர்ந்து செலவு கேட்கும் சேவைக்கு முன்னறிவித்த முடிவுநாள் இருக்கலாம். ‘அதர் ஓஎஸ்’ அப்படிப்பட்டதல்ல. அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. தொடர்ந்து இயங்க சோனியின் சர்வர் எதையும் கேட்கவில்லை.

ஒரு வசதியை விட மறுப்பவரிடமிருந்து, விலையில் அடங்கிய இன்னொரு வசதியைப் பறிப்பது தடுக்கப்பட வேண்டும். நெட்வொர்க்கின் பாதுகாப்புக்காக அப்டேட் இன்றியமையாதது என்றால் நெட்வொர்க் நுழைவை நிறுத்திவைக்கலாம். ஆனால் அதற்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். ப்ளூ-ரே படத்துக்கும் வட்டிலுள்ள விளையாட்டுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே லினக்ஸைத் தொடாத தனி அப்டேட் தரும் கடமை தயாரிப்பாளருடையது.

பாதுகாப்புக் காரணம் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும்: ஆபத்து என்ன, இந்த நீக்கம் அதைத் தடுக்கிறதா, இதைவிடக் குறைவான வழி ஏன் இல்லை என்று. 2010இல் இந்த மூன்றும் கேட்கப்பட்டிருந்தால் மூன்றாவது கேள்விக்குச் சோனி எளிதில் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஈட்டை நுகர்வோர் கேட்டுப் பெறும் நிலையும் மாற வேண்டும். ரசீது, வரிசை எண், பயன்படுத்திய சான்று என்று அவர் அலைய வேண்டியதில்லை. எந்தக் கன்சோல் எப்போது 3.21க்கு மாறியது என்பதை அது நெட்வொர்க்கில் நுழையும்போது தானே தெரிவித்துவிட்டது. கணக்கும், பணம் வைக்கும் பையும் அங்கேயே இருந்தன. வசதியை எடுக்க எந்த வழியைப் பயன்படுத்தினார்களோ, அதே வழியில், அதே நாளில், விலையின் ஒரு நிர்ணயித்த பங்கு ஒவ்வொரு கணக்கிலும் வரவு வைக்கப்பட வேண்டும். பயன்படுத்தியவர், பயன்படுத்தாதவர் என்று பிரிக்கத் தேவையில்லை. விலை கொடுத்தவர்கள் எல்லோரும்தான்.